மூன்று ரெசிஸ்டர் மாற்றியும் தீராத ஹீட்டர் புளோயர் கோளாறு: பதினொரு வருட அனுபவம்

சமவெளியில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே பெரும்பாலும் நினைவில் இருக்காது. நான் இருப்பது கோத்தகிரியில், ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில். மார்கழி, தை மாதங்களில் விடிகாலையில் வண்டியை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் முன் கண்ணாடி உள்பக்கம் முழுக்க மூச்சு படிந்து வெள்ளையாகிவிடும். வெளியே மேகம், உள்ளே இந்த வெள்ளை. ஹீட்டர் காற்றைத் தள்ளும் ஃபேனான புளோயர் ஓடாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வருவதே தெரியாது. அதனால் இங்கே புளோயரும் பிரேக்கைப் போலத்தான், உயிரோடு சம்பந்தப்பட்டது.

என்னுடையது 2003 மாடல் சின்ன பெட்ரோல் கார். 2014-ல் சமவெளிக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். முதல் குளிர்காலத்திலேயே ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது. திறந்து பார்த்தால், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையே யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். வெயில் ஊர்களில் எஞ்சின் சூடாகக் கூடாது என்று இப்படிச் செய்வது வழக்கம். மலையில் அந்த எஞ்சின் சூடேறவே ஏறாது, ஹீட்டருக்கு வெந்நீரும் போகாது. புதிதாக ஒன்று போட்டதும் சரியானது. காற்று வருகிறது, சூடு இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கம். காற்றே வரவில்லை என்றால்தான் கரண்ட் பக்கம் போக வேண்டும். நான் சொல்ல வந்தது அந்த இரண்டாவது கதை.

2016-ல் ஒரு நாள் புளோயர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வேகங்களில் ஓடவில்லை. நான்கில் வைத்தால் முழு வேகத்தில் ஓடியது. ரெசிஸ்டர் போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இந்த மாதிரி பழைய கார்களில் வேகத்தைக் குறைப்பது சில கம்பிச் சுருள்கள்தான். ஒன்றாம் வேகத்தில் கரண்ட் எல்லாச் சுருளையும் தாண்டிப் போகும், இரண்டில் கொஞ்சம் குறைவாக, நான்கில் எதையும் தொடாமல் நேராக. சுருளோடு வெப்பம் தாங்காமல் அறுந்துவிடும் ஒரு சின்ன ஃபியூஸும் சேர்ந்திருக்கும். அது அறுந்தால் நான்கு மட்டும் மிஞ்சும். இடது பக்கம் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு ஸ்குரூ. பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன்.

2018 ஜூனில் மறுபடியும் அதே கோளாறு. இந்த முறை ரெசிஸ்டரின் கப்ளர் (வயர்களைச் செருகும் பிளாஸ்டிக் பிளக்) ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. நான் பொருட்படுத்தவில்லை. கடையில் 'லோக்கல் ஸ்பேர் அப்படித்தான் சார்' என்றார்கள், கொஞ்சம் விலை கூடிய ஒன்றை வாங்கிப் போட்டேன். அது ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. நவம்பரில் மூன்றாவது.

2019 ஜனவரியில் அம்மாவை குன்னூர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் புளோயர் மொத்தமாக நின்றது, நான்கிலும் ஓடவில்லை. ஜன்னலை இரண்டு விரல் இறக்கிவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். குளிரில் அவர் கை நடுங்கியதைப் பார்த்தபோது, இனி ஸ்பேர் மாற்றுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஆனால் 20 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் செருகியிருந்தது. முன்பு எப்போதோ யாரோ போட்டது. இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். ஃபியூஸ் காப்பது வயரை. பெரிய ஃபியூஸ் போட்டால் அறுந்து காப்பாற்ற வேண்டியது அறாது, டேஷ்போர்டுக்குள் வயர் வேகும்.

மோட்டாரின் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 12.4 வோல்ட். கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது என்று நினைத்தேன். மோட்டார் வாங்கக் கிளம்பும் முன் எங்கள் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாவிடம் ஒரு வார்த்தை கேட்டது நல்லதாகப் போயிற்று.

"மீட்டர் காட்டுறத மட்டும் நம்பாதீங்க தம்பி. குழாயில துளித் துளியாச் சொட்டினாலும் தண்ணி வருதுன்னுதான் தெரியும். பக்கெட் வெச்சாத்தானே நிறையுதா இல்லையான்னு தெரியும்? லோடு குடுத்துப் பாருங்க."

அவர் ஒரு பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு வயர் சால்டர் செய்து வைத்திருந்தார். 55 வாட். அதைக் கப்ளரில் செருகினார். பல்பு மங்கலாக, மண்ணெண்ணெய் தீரப்போகும் விளக்கு மாதிரி செம்மஞ்சளாக எரிந்தது. அதே நேரத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 6 வோல்ட்கூட இல்லை. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லாத அளவு. கப்ளருக்குள் கரிந்துபோன உலோகப் 'பின்' (pin) வழியாகவும் அதற்கு 12 வோல்ட் தெரியும். நிஜமான சுமை வந்தால்தான் வண்டவாளம் வெளிப்படும்.

கப்ளரை அசைத்து அழுத்தியதும் மோட்டார் ஓட ஆரம்பித்தது. ஓடும் நிலையிலேயே அளந்தோம். எஞ்சின் ஓட்டத்தில் பேட்டரியில் 14 வோல்ட், மோட்டாரின் இரண்டு பின்களுக்கு நடுவே 10.6. அப்படியானால் 3.4 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால் எங்கே போகிறது என்று பிடித்துவிடலாம். ஃபியூஸ் பாக்ஸ், ரிலே பக்கம் 1.3. சுவிட்சுக்குப் போகும் கப்ளரின் ஒரே ஒரு பின்னில் 1.6. இடது கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் எர்த் போல்ட்டில் 0.5.

அந்த ஒரு பின்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணா, வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டார். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டராக இருக்க வேண்டும், வீட்டு வயரிங்குக்கு வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் இதற்கு உதவாது. 18 ஆம்பியர் காட்டியது. 1.6 வோல்ட், 18 ஆம்பியர் என்றால் சுமார் 29 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு, அரிசி மணி அகலமுள்ள ஒரு தகட்டில், பிளாஸ்டிக்குக்கு நடுவே. கப்ளரைப் பிரித்துப் பார்த்தபோது அந்தப் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி வழிந்து இறுகியிருந்தது. பித்தளை நிறம் போய் கருநீலமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய மீன் வாடை.

ஆனால் 18 ஆம்பியர் ஏன் இழுக்க வேண்டும்? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். மோட்டாரை இறக்கினோம். வீட்டு வாசலில் சில்வர் ஓக் மரத்தடியில்தான் வண்டி நிற்கும். என் வண்டியில் கேபின் ஃபில்டரே கிடையாது. வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக ஐந்து வருடச் சருகு நேராகப் புளோயருக்குள் போயிருந்தது. ஈரத்தில் ஊறி, மக்கி, ஃபேன் கூண்டின் அடியில் களிம்பாக ஒட்டியிருந்தது. மோட்டாரின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) காய்ந்து, கையால் சுற்றினால் இரண்டு சுற்றில் நின்றுவிட்டது.

அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. சிரமப்பட்டுச் சுற்றும் மோட்டார் அதிகம் இழுக்கிறது. கரண்ட் ஒன்றரை மடங்கானால் ரெசிஸ்டரிலும் பின்னிலும் சூடு இரண்டேகால் மடங்காகும். ரெசிஸ்டரைக் குளிர்விப்பதும் அதே புளோயர் தள்ளும் காற்றுதான், அந்தக் காற்றும் குறைந்துவிட்டது. மூன்று ரெசிஸ்டரும் பாவம், அடி வாங்கியவை. நான் அடித்தவனைத் தேடாமல் இருந்துவிட்டேன்.

புது மோட்டார் போட்டதும் நான்கில் 11 ஆம்பியர்தான். கருகிய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போட்டோம். வயரின் கருகிய பகுதி போகும்வரை வெட்டி, அதே கனமுள்ள வயரைச் சேர்த்து, கிரிம்ப் செய்து (உலோக இணைப்பில் வைத்து நசுக்கி), ஸ்லீவ் மாட்டினோம். முறுக்கி டேப் சுற்றி விட்டால் அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடி கரியும். எர்த் போல்ட்டைக் கழற்றி பளபளவென்று தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி முறுக்கினோம். ஃபியூஸ் பாக்ஸ் பின்களையும் சுத்தம் செய்து, 20 ஆம்பியர் ஃபியூஸைத் திரும்பப் போட்டோம்.

உங்கள் வண்டியில் தேட வேண்டியிருந்தால் நான் பார்க்கும் வரிசை இது. நான்கில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர். நான்கில் மட்டும் ஓடாவிட்டால் சுவிட்ச் அல்லது அதற்குப் போகும் வயர். எதிலுமே ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த், கடைசியாக மோட்டார். மோட்டார் கூட்டை லேசாகத் தட்டியதும் ஓடினால், உள்ளே உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்திருக்கும். ஏர்பேக் உள்ள வண்டியானால் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர்கள் பக்கமே கை வைக்க வேண்டாம், அது தெரிந்தவர்கள் வேலை.

இப்போது 2025. அந்த மூன்றாவது ரெசிஸ்டர் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன்னால் சருகை அள்ளிவிட்டு, புளோயரை மூன்றில் பத்து நிமிடம் ஓடவிட்டு, கப்ளரைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை, விரல் வைக்க முடியாவிட்டால் பிரித்துப் பார்க்க வேண்டும். போன மாதம் அளந்தபோது வழியில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்து 0.6 வோல்ட். சல்லடைக்கு மேல் மெல்லிய கம்பி வலை ஒன்றும் வெட்டி ஒட்டியிருக்கிறேன், சருகு குறைந்திருக்கிறது.

குறை ஒன்று இருக்கிறது. குளிர்ந்த காலையில் ஒன்றாம் வேகத்தில் வைத்தால் முதல் இரண்டு நிமிடம் கீச்சென்று ஒரு சத்தம். இரண்டில் வைத்தால் நின்றுவிடுகிறது. அம்மாதான் முதலில் கவனித்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை இறக்கிப் புஷ்ஷைப் பார்க்க வேண்டும்.