உப்பா, நாட்டுச் சர்க்கரையா, அரப்பா? உடல் தேய்ப்பு முறைகள்: ஓர் ஒப்பீடு

மசாஜ் நிலையங்களில் 'பாடி ஸ்க்ரப்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒன்றுக்கொன்று ஈடாகாத பல முறைகள். உப்பு, சர்க்கரை, அரப்பு, உலர் பிரஷ், பீர்க்கன் நார், லாக்டிக் அமிலம் எல்லாமே தோலின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் இறந்த செல்களைத்தான் நீக்குகின்றன. ஆனால் நீக்கும் விதமும் அதைத் தாங்கும் தோலும் வேறு வேறு. அந்த மேலடுக்கு, உள்ளங்கை உள்ளங்காலைத் தவிர மற்ற இடங்களில், ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நான்கு வாரம் அளவுக்கு ஆகிறது. இவ்வளவு மெல்லிய ஒன்றைத் தேய்க்கிறோம் என்ற நினைவு இருந்தால், எந்த முறையிலும் கை தானாகவே இலேசாகிவிடும்.

அதிகம் கேட்கப்படுவது உப்பா, சர்க்கரையா என்பதே. 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். சர்க்கரையோ 200 கிராம்வரை கரையும். அதனால் ஈரத்தோலில் சர்க்கரையின் முனைகள் விரைவில் மழுங்கிவிடுகின்றன, உப்பு கடைசிவரை கூர்மையோடு நிற்கிறது. வெறுங்காலோடு வயலில் நடந்து தடித்த குதிகால், முழங்கை, முழங்கால் ஆகியவற்றுக்கு உப்பே ஏற்றது. கல்லுப்பை அப்படியே போடாமல் பொடித்துச் சலித்து எடுக்க வேண்டும். முந்தைய நாள் சவரம் செய்த காலிலோ வேக்ஸிங் செய்த கையிலோ உப்பு பட்டால் எரிச்சல் தாங்காது. ஆகவே ஒரு நாளாவது இடைவெளி விட்டபின் செய்வதே முறை.

உடல் முழுவதற்கும் என்றால், கொங்கு நாட்டில் நான் தயக்கமின்றிச் சர்க்கரையின் பக்கம் நிற்பேன். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று தோலை உலர்த்திவிடுகிறது. சிறுவாணித் தண்ணீர் எட்டாத ஊர்களில் குளிப்பதற்குப் பெரும்பாலும் கடினமான போர்வெல் தண்ணீர்தான் கிடைக்கிறது. இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் என்று கலந்து தேய்த்துக் கழுவும்போது தோலில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கி, அந்த வறட்சியைத் தடுக்கிறது. கழுவியபின் சோப்பு போட்டால் அந்தப் பயன் போய்விடுவதோடு, கடினநீரில் சோப்பின் கசடும் தோலில் படிந்துவிடும். கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச் சர்க்கரை மாவுபோல் பொடியாகவும் சற்றே ஈரமாகவும் இருப்பதால், வெள்ளைச் சர்க்கரையைவிட மென்மையாகத் தேய்க்கிறது. வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு அதையே தருவேன். எறும்பு வருவதும் தரை வழுக்குவதும் இதன் குறைகள். வாடிக்கையாளரைக் கைபிடித்துக் குளியலறைக்கு அழைத்துச் செல்ல ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

அரப்பு இந்த வரிசையில் தனி இனம். உசில மரத்து இலையைக் காயவைத்து அரைத்த இந்தப் பொடியில் நுரைக்கும் சப்போனின்கள் இருப்பதால், அது தேய்ப்பதோடு எண்ணெயையும் எடுத்துவிடுகிறது. ஆகவே உப்பும் சர்க்கரையும் மசாஜுக்கு முன் வரவேண்டியவை என்றால், அரப்பு மசாஜுக்குப் பின் வரவேண்டியது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் நம் வீடுகள் காலங்காலமாகக் கடைப்பிடித்த வரிசை இதுதான். அதை மாற்றி, அரப்பு போட்டுக் கழுவிய உடம்பில் மறுபடி எண்ணெய் தடவி அனுப்புவது வீண்வேலை. வடிகஞ்சியில் குழைத்தால் பொடி பறக்காது, கண்ணிலும் விழாது. எண்ணெய்ப்பசை மிகுந்த முதுகுக்கு இதற்கு இணையான உள்ளூர்ப் பொருள் வேறில்லை என்பது என் கருத்து. வறண்ட தோலுக்கு மட்டும் பாதிக்குப் பாதி பாசிப்பயறு மாவு சேர்க்க வேண்டும்.

ஆயுர்வேத நிலையங்கள் செய்யும் உத்வர்த்தனம் என்னும் பொடித் தேய்ப்பில் கோலகுலத்தாதி போன்ற சூரணங்களை, மயிர் வளரும் திசைக்கு எதிராகக் கீழிருந்து மேலாகத் தேய்க்கிறார்கள். தேய்ப்பு என்ற அளவில் அது நல்ல சிகிச்சை. தோலடிக் கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லிப் பணம் வாங்குவது சரியல்ல. உலர் பிரஷ் நச்சு நீக்கும் என்ற விளம்பரமும் அதே வகையைச் சேர்ந்ததே.

பிரஷையும் நாரையும் பொறுத்தவரை எனக்குக் கண்டிப்பு அதிகம். பீர்க்கன் நாரின் துளைகளில் ஈரமும் இறந்த செல்களும் தங்கிக் கிருமி வளரும். மருவை உண்டாக்கும் வைரஸும் பொதுப் பொருட்கள் வழியே பரவக்கூடியது. எனவே ஒருவருக்குப் பயன்படுத்திய நாரை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். நைலான் நாரால் பல ஆண்டுகள் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு முதுகின் மேற்பகுதியிலும் முழங்காலுக்குக் கீழும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம் அலை அலையாகப் படிவது தோல் மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. நம்மைப் போன்ற மாநிறத் தோல் உராய்வுக்கு ஆளாகும்போது கருத்துவிடுகிறது. கருப்பைப் போக்கத் தேய்ப்பதே கருப்பைக் கூட்டுகிறது.

மேற்கையில் கோழித்தோல் போலப் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு உள்ளவர்களுக்குத் தேய்ப்பைவிட லாக்டிக் அமிலமோ யூரியாவோ கலந்த லோஷன் நன்றாக வேலை செய்கிறது. அமிலம் தோலை வெயிலுக்கு எளிதில் ஆளாக்குவதால், பயன்படுத்தும் நாட்களிலும் நிறுத்தியபின் ஒரு வாரமும் சன்ஸ்கிரீன் தேவை. மஞ்சள் சேர்ப்பதென்றால் துண்டுகளைத் தனியே ஒதுக்குங்கள். மஞ்சள் கறை சோப்பு பட்டதும் செந்நிறமாகிவிடும்.

எந்த முறையாலும் தீராத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். "அழுக்குத்தான் கண்ணு, நல்லா அழுத்தித் தேய்ச்சு உடு" என்று பின்கழுத்தைக் காட்டும் பெண்கள் பலர். அங்கே தோல் கருத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணிபோல் இருந்தால், பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியே தவிர அழுக்கன்று. அத்தகையவருக்குக் கழுத்தைத் தவிர்த்துவிட்டு மற்ற இடங்களுக்குச் சர்க்கரைத் தேய்ப்பு தரலாம். கிளம்பும்போது, வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்ளும்படி தனியே அழைத்துச் சொல்லி அனுப்ப வேண்டும்.