காவிரிக் குழாயா, கூரை மழையா?

பெங்களூர் கே.ஆர்.புரம் பக்கம் வீடு கட்டும் நம் ஆட்கள் பலரும் கேட்பது: காவிரி இணைப்பு வந்தபின் மழைநீர்த் தொட்டி எதற்கு?

தூரம்: காவிரி சுமார் 100 கி.மீ. தாண்டி, ஏறக்குறைய 500 மீட்டர் மேடேறி வருகிறது. கரண்டை விழுங்கும் வேலை. மழை மொட்டைமாடிக்கே வருகிறது.

அளவு: பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மி.மீ. மழை. 30க்கு 40 அடி மனையில் மாடி முழுக்கப் பிடித்தால் 80,000 லிட்டராவது தேறும். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் தொட்டி காலிதான்.

பராமரிப்பு: காவிரிக்கு பில் கட்டினால் சரி. மழைநீருக்கோ, முதல் மழையில் மாடி அழுக்கோடு வரும் தண்ணீரை வெளியே விட்டு, வடிகட்டியில் சருகை அள்ள வேண்டும்.

குடிக்க, சமைக்கக் காவிரி. துணி, கழிவறை, செடிகளுக்கு மழை. வாடகைக்குக் குடியிருப்பவருக்குக் காவிரியே போதும். சொந்த மனையா? போர்வெல் காசைத் தொட்டியில் போடுங்கள். 2024 கோடையில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வற்றின.