ஒயிட் ரிஸ்க் ஆப்: எண்ணைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள்

சுவிஸ் ஆல்ப்ஸில் பராமரிக்கப்பட்ட சறுக்குத் தடங்களை விட்டு வெளியே போகிறவர்கள் போனில் முதலில் ஏற்ற வேண்டிய ஆப் ஒயிட் ரிஸ்க். தாவோஸில் உள்ள எஸ்எல்எஃப் எனும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்துடையது. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வரும். அறிக்கை பார்க்கக் காசு கிடையாது.

ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணாகச் சொல்வார்கள், 5 உச்சம். வரைபடத்தின் நிறத்தைப் பார்த்து, "3 தானே, 5 இல்லையே" என்று மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஐந்துக்கு மூன்று என்றால் நடுவாந்தரம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு படிக்கும் ஆபத்து மடங்காக ஏறுகிறது. குளிர்காலத்தின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாட்களுக்கு நிலை 3 இருக்கும். பனிச்சரிவுச் சாவுகளில் சுமார் பாதி அந்த நாட்களில்தான். 5 அன்று மலைப்பக்கம் ஆளே இருக்காது. 3 அன்று வெயிலடிக்கும், கூட்டம் கிளம்பிவிடும். 2022-23 குளிர்காலம் முதல் எண்ணோடு கூட்டல், சமம், கழித்தல் குறியும் வருகிறது. 3+ என்றால் கிட்டத்தட்ட 4.

எண்ணைத் தொட்டால் ஒரு திசைவட்டம் விரியும். வடமேற்கிலிருந்து கிழக்குவரை கறுப்பு, பக்கத்தில் 2200 மீட்டர் என்றிருந்தால், அந்த உயரத்துக்கு மேல் அந்தப் பக்கச் சரிவுகளில்தான் முக்கிய ஆபத்து. 3 அன்று 35 பாகைக்கும், 4 அன்று 30 பாகைக்கும் மேற்பட்ட சரிவுகளைத் தொடாமலிருப்பது பழைய நல்ல கணக்கு. நிற்கும் இடத்தை மட்டுமல்ல, தலைக்கு மேலுள்ள சரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆப்பின் உண்மையான மதிப்பு, பலர் தாண்டிப்போகும் பனியடுக்கு விளக்கத்தில் இருக்கிறது. "பழைய பனியில் பலவீனமான அடுக்கு" என்று கண்டால் நிதானியுங்கள். நவம்பரில் மெல்லிய பனி விழுந்து, பிறகு தெளிந்த குளிர் இரவுகள் தொடர்ந்தால், தரையின் சூட்டில் எழும் நீராவி அடிப்பனியை ஒட்டாத பெரிய மணிகளாக்கிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரைபோலக் கொட்டும். அதன்மேல் காற்று அடித்து இறுக்கிய பலகைப்பனி ஏறினால், ரவைமேல் பலகை வைத்த கதைதான். ஓரிடத்தில் கால் வைத்தால் தூரத்துச் சரிவும் உடையலாம். "வும்" என்று அடியில் சத்தம் கேட்டால் பாதையை மாற்றுங்கள். இந்த அடுக்கு வாரக்கணக்கில் கிடக்கும், வெளியே தெரியாது. புதுப்பனியைப்போலக் காத்திருந்து கடக்கவும் முடியாது.

குறைகளும் உண்டு. அறிக்கை வட்டாரத்துக்கானது, உங்கள் முன்னிருக்கும் ஒற்றைச் சரிவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சரிவுக்கோண வரைபடம் குட்டிச் செங்குத்துகளை மழுப்பிவிடும். காலை 8 மணிப் பதிப்பு வரும்போது பாதிப் பேர் ஏறத் தொடங்கியிருப்பார்கள்; இரவில் காற்று பலத்திருந்தால் மாலைப் பதிப்பை மட்டும் நம்ப முடியாது. வசந்தத்தில் மேகமூட்டமான இரவென்றால் பனி உறைந்திருக்காது, மதியத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும்.

ஆப் இருக்கிறதென்று டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். போனை டிரான்ஸீவரிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. குறுக்கீடு வந்தால் அம்புக்குறி தப்பான பக்கம் காட்டும்.