இடுபணியில் ஏமாற்று: தேர்வா, மென்பொருளா, நேரில் கேட்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் மாலை வகுப்பு எடுக்கும் தனியார் கல்லூரியில், டிப்ளோமா மாணவர்களின் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இடுபணிகளிலிருந்துதான், அதாவது வெளியே எழுதி ஒப்படைக்கும் வேலைகளிலிருந்துதான் வருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, எதை யார் எழுதினார் என்ற கேள்வி ஆசிரியர் அறைப் பேச்சோடு நிற்கவில்லை. ஒவ்வொருவரும் தம் பாடத்துக்கு ஒரு வழியைத் தேர்ந்து நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டியதாயிற்று. வகுப்பறையில் மேற்பார்வையோடு தேர்வு வைப்பது, கேமரா கண்காணிப்போடு வீட்டிலிருந்தே எழுதச் செய்வது, இடுபணியை மென்பொருளில் இட்டுச் சோதிப்பது, இடுபணியை வாங்கிக்கொண்டு எழுதியவரையே உட்காரவைத்துச் சில நிமிடங்கள் கேள்வி கேட்பது என்று நான்கு வழிகள் இருந்தன. நான் கடைசி வழியைத் தேர்ந்தேன். எனவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை வாசகர் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

மேற்பார்வைத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைகளை முன்னால் வைத்து, கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு, இடைவெளி விட்டு உட்காரவைத்தால் பெரும்பாலான திருட்டுத்தனம் அங்கேயே அடங்கிவிடும். கேள்வித்தாள் கசிவது வேறு கதை, 2014இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் தாள்கள் கசிந்து, தமிழ்மொழித் தாள் உட்பட சிலவற்றைப் பிள்ளைகள் மறுபடி எழுத நேர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் என் பாடம் களத்தில் தகவல் திரட்டி அறிக்கை எழுதும் பாடம். அதை இரண்டு மணி நேரத் தாளுக்குள் அடைக்க முயன்றால், மனப்பாடத்தைச் சோதித்துவிட்டு ஆய்வைச் சோதித்ததாகச் சொல்லிக்கொள்வோம்.

இணையக் கண்காணிப்பில் என் அனுபவம் குறைவு. பெருந்தொற்றுக் காலத்தில் பார்த்ததோடு சரி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டின் நடுக்கூடத்தில், பின்னால் தம்பி தங்கைகள் நடமாட, விட்டு விட்டு வரும் இணைப்பில் எழுதுகிற மாணவரை, கண்ணை வேறு பக்கம் திருப்பினார் என்று கருவி குறித்துவைத்தால், அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகம், தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவால் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் ஒன்று 2022இல் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. அந்தச் சங்கடம் இங்கேயும் இருக்கிறது.

உண்மையான போட்டி மென்பொருளுக்கும் நேரில் கேட்பதற்கும் இடையில்தான். இங்கே பலரும் இரண்டு வேறு எண்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். டர்னிட்டின் போன்ற மென்பொருள் காட்டும் ஒற்றுமை விழுக்காடு, எந்த வரி எந்த மூலத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டுவது. மேற்கோளையும் நூற்பட்டியலையும் நீக்கிவிட்டுப் படித்தால் அது பயனுள்ள கருவி. மூலத்தையும் இடுபணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம், மாணவரும் மறுக்க மாட்டார். 2023 ஏப்ரலில் அதே நிறுவனம் சேர்த்த செயற்கை நுண்ணறிவுக் கண்டறிவு அப்படிப்பட்டதன்று. அது ஒரு விழுக்காட்டைத் தருகிறது. ஒப்பிட்டுக் காட்ட மூலம் என்று எதுவும் இல்லை. ரப்பர் பால் கொட்டகையில் மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உள்ள ரப்பர் அளவை மதிப்பிடுவது போல அது விரைவான அனுமானம் மட்டுமே. தகராறு வந்தால் மாதிரியை உறையவைத்து, காயவைத்து நிறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த அனுமானம் யாரைத் தவறாகப் பிடிக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. ஸ்டான்ஃபர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டறிவுக் கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டுக்கும் மேல் இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. டர்னிட்டின் அந்த ஏழில் ஒன்றன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சொந்தக் கண்டறிவுக் கருவியை அதே ஆண்டு ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஆகஸ்டில் டர்னிட்டினின் கண்டறிவை நிறுத்தியபோது எளிய கணக்கொன்றைக் காட்டியது: பிழை விகிதம் ஒரு விழுக்காடுதான் என்று வைத்துக்கொண்டாலும், 2022இல் தாங்கள் சோதித்த 75,000 இடுபணிகளில் ஏறத்தாழ 750 தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருக்கும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, இப்போது ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் என் மாணவர்கள், பாடநூல் வாக்கியங்களைப் போலவே அளந்து எழுதுபவர்கள். கருவிக்குச் சந்தேகம் வர அது போதும்.

ஏமாற்றைக் கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடித்தபின் விசாரணைக் குழுவின் முன் எது நிற்கும் என்பதைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இந்த ஊரில் அது ஏட்டளவிலான கேள்வியன்று. ஒரு மாணவர் மேல் புகார் எழுந்தால் மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். மறுநாள் அப்பாவும் மாமாவும் அலுவலகத்துக்கு வந்து, “என் பிள்ளை எதைப் பார்த்து எழுதினான், காட்டுங்கள்” என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குற்றஞ்சாட்டும் கல்லூரிக்குரியது. “கருவி 78 விழுக்காடு என்கிறது” என்பது பதிலாகாது. குழு பின்வாங்கினால் உண்மையில் ஏமாற்றியவரும் தப்பிவிடுவார். பின்வாங்காமல் தண்டித்தால் குற்றமற்றவர் ஒருவர் பழி சுமக்கக்கூடும்.

நேரில் கேட்கும்போது கிடைக்கும் ஆதாரம் வேறு வகையானது. செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவரின் அறிக்கையைக் கருவி சிவப்பில் காட்டியது. ஆங்கிலம் அவ்வளவு சீராக இருந்தது. “தம்பி, மூன்றாம் பக்கத்து அட்டவணையில் செவ்வாய்க்கிழமை மட்டும் லாரி குறைகிறதே, ஏன்?” என்று கேட்டேன். “அன்னிக்கு ஆலைய நிறுத்திச் சுத்தம் பண்ணுவாங்க டீச்சர். வெட்டுன பழம் கிடந்தா எண்ணெய் கெட்டுப்போயிடும்னு தோட்டத்துக்கு முன்னாடியே சொல்லிடுவோம்” என்றார். அறிக்கையில் இல்லாத அந்த விவரம், அட்டவணை அவர் கையால் தொகுத்தது என்பதைச் சொல்லிவிட்டது. அதே வாரத்தில், ஒற்றுமை விழுக்காடு மிகக் குறைவாகவும் நடை இயல்பாகவும் இருந்த வேறோர் அறிக்கையை ஒப்படைத்தவரிடம், பேட்டிக்கு இந்தத் தொழிலாளர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டபோது பதிலே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அக்காதான் செஞ்சு குடுத்தாங்க” என்றார். உறவினர் உட்கார்ந்து எழுதித் தருவதை எந்த மென்பொருளும் பிடிக்காது.

செலவு இதில்தான் அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. 30 பேருக்கு 10 நிமிடம் என்றாலே 5 மணி நேரம்; பகுதிநேர ஆசிரியருக்கு அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. முன்வரைவை இடையிலேயே வாங்கிப் பார்த்துவிடுவதால் இறுதித் திருத்தத்தில் கொஞ்சம் நேரம் மிச்சமாகிறது, ஆனால் முழுக்க ஈடாகாது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் தாமே எழுதியதைக்கூடச் சொல்லத் திணறுவார்கள் என்பதால், தமிழிலோ மலாயிலோ பதில் சொல்லலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன். உடன் இன்னோர் ஆசிரியர் இருப்பார், உரையாடல் மாணவரின் சம்மதத்தோடு பதிவு செய்யப்படும். மிக முக்கியமாக, எல்லாரையும் கேட்க வேண்டும். சந்தேகப்பட்டவரை மட்டும் அழைத்தால் அது மதிப்பீடாக இருக்காது, போலீஸ் விசாரணையாகிவிடும். பிறர் எழுதியதை வரிக்கு வரி படித்துத் தயாராகி வருபவரை இது பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்காமல் போகலாம். அந்த அளவு படித்தவர் பாடத்தில் பாதியையாவது கற்றிருப்பார் என்பது என் கணிப்பு மட்டுமே.

தண்டனையிலும் இந்த முறை ஒரு வசதியைத் தருகிறது. மேற்கோள் காட்டத் தெரியாமல் பத்தியை அப்படியே ஒட்டியவரையும், திட்டமிட்டு ஆள் வைத்து எழுதியவரையும் பேசும்போதே பிரித்தறிய முடிகிறது. முன்னவரை மறுபடி எழுதச் செய்து, தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் தராமல் விடுகிறோம். பின்னவரின் பதிவும் முன்வரைவும் குழுவுக்குப் போகின்றன. ஒற்றுமை அறிக்கையை இன்னும் எடுக்கிறேன், எந்த இடத்தில் கேள்வி கேட்பது என்று குறித்துக்கொள்வதற்கு.

கணக்கியல் எடுக்கும் சக ஆசிரியர் மேற்பார்வைத் தேர்வையே வைத்துக்கொண்டார். விடைக்கான வழியைத் தாளிலேயே காட்டவேண்டிய பாடத்துக்கு அதுவே சரி. அடுத்த பருவத்தில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கப் போவதாக நிர்வாகம் சொல்கிறது. அப்போது மூவர் மூவராக அழைத்து, ஒருவரின் அறிக்கையைப் பற்றி மற்றவரும் கேள்வி கேட்கும்படி வைத்துப் பார்க்கலாமென்று இருக்கிறேன். அது எப்படிப் போகும் என்று இப்போதே என்னால் சொல்ல இயலாது.