சீட்டை மாற்றினேன்: 46,500 ரூபாயும் போனது, அப்பாவின் பெல்ட்டும் போனது

நேற்று மாலை நடந்ததன் பதற்றம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். காரில் வேறு சீட் போடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நான் ஏமாந்ததைக் கேளுங்கள்.

முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆன பிறகு, எங்கள் 2020ஆம் ஆண்டு ஹேட்ச்பேக்கின் முன் சீட்டில் அப்பாவால் அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. கோயம்புத்தூரில் முழு சீட்டையே மாற்றித் தரும் ஒரு கடையில், இடுப்புக்குத் தாங்கல் உள்ள இரண்டு முன் சீட்டுகளுக்கு 46,500 ரூபாய் பேசி முடித்தேன். பணம் கட்டுவதற்கு முன் நான் கேட்டது ஒரே கேள்விதான்: பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகாதே? கடைக்காரர் கதவுத் தூணிலிருந்து பெல்ட்டை இழுத்துக் காட்டி, "பெல்ட் வண்டியோடதுங்க சார், சீட்டோடது இல்லைங்க. அதை நாங்க தொடவே மாட்டோமுங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் மோசம் போனேன்.

பெல்ட் சுருளும் பகுதி தூணில் இருக்கிறது. ஆனால் அதன் நாக்கு போய்ப் பூட்டிக்கொள்ளும் பக்கிள், பல கார்களில் போலவே எங்கள் காரிலும், சீட்டின் இரும்புச் சட்டத்தில் உறுதியான போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தது. மோதலில் முன்னே பாயும் உடலின் இழுவை அந்தப் பக்கிள் வழியாகச் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து காரின் தரைக்கும் இறங்க வேண்டும் என்பதால், பழைய பக்கிளையும் போல்ட்டையும் கழற்றி, புதிய சட்டத்தில் அதற்கென்றே செய்யப்பட்ட இடத்தில் மாட்ட வேண்டும். அப்படி ஓர் இடமே இல்லாத சீட் அந்தக் காருக்கு உரியது அல்ல.

நேற்று அவிநாசி சாலையில் நாய் ஒன்று குறுக்கே வர, பிரேக் போட்டேன். அப்பாவின் பெல்ட் பிடிக்க வேண்டிய நேரத்தில் இடுப்புப் பக்கம் தளர்ந்து, அவர் இரண்டு கைகளாலும் டேஷ்போர்டைத் தாங்கிக்கொண்டார். நல்லவேளை, மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று.

தெரிந்த மெக்கானிக் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவே இல்லை. ஒரு பட்டை இரும்பை வளைத்துச் சட்டத்தில் பற்றவைத்து, அதில் ஏதோ ஒரு பக்கிளைச் சாதாரண போல்ட்டால் முடுக்கியிருந்தார்கள். பற்றவைப்பு ஒரு பக்கம் விட்டிருந்தது. ஆள் அமர்ந்திருப்பதை உணரும் தகடு பழைய மெத்தையோடு போய்விட்டது. ஓட்டுநர் பக்கம் பெல்ட் போடாவிட்டால் எழும் எச்சரிக்கை ஒலி கேட்காதபடி இரண்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்ட ஒலி அது. அதை நிறுத்தும் கிளிப்புகளை விற்கக் கூடாதென்று 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. வயரை முறுக்குகிறவரை யார் தடுப்பது?

கடைக்கு முதல் முறை அழைத்தபோது, "புது சீட்டுங்க, செட் ஆக ஒரு வாரம் ஆகும்" என்றார்கள். அடுத்த முறை முதலாளி திருப்பூர் போயிருந்தார். இன்று காலை நேரில் போனபோது, பில்லில் சீட் மட்டுமே இருப்பதால் பெல்ட்டுக்குப் பொறுப்பேற்க முடியாதாம். பழைய சீட்டுகளாவது எங்கே என்றால், பக்கிளோடு சேர்த்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டாயிற்றாம். 46,500 ரூபாய் வாங்கியவர்கள் எனக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. இதில் என் பிழையும் உண்டு: வரி மிச்சம் என்று அவர்கள் சொன்னதால், பில் என்று தந்த வெறும் மதிப்பீட்டுத் தாளை வாங்கிக்கொண்டு, முறையான ரசீதைக் கேட்காமல் விட்டேன். இருந்தாலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. பழைய சீட்டுகளைக் கடையில் விடாதீர்கள். பக்கிளை மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட்டை இறுக்கும் வெடிப்பொறியுடையதாக இருக்கலாம். கண்டவரும் கைவைக்க விடாதீர்கள். ரசீது வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். வாடகைக் காருக்குச் சொல்லியிருக்கிறேன். 46,500 ரூபாய் சீட் வாசலில் நிற்கிறது.