பலகை பிளக்க எந்த பேண்ட்சா? சிறிய பட்டறைக்கான ஒப்பீடு

வீட்டுப் பட்டறைக்கு பேண்ட்சா (மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்களைச் சுற்றி ஓடும் வளைய பிளேடால் மரம் அறுக்கும் மெஷின்) வாங்க நினைப்பவர்கள் பலரும் விவரத்தாளில் முதலில் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான்: எத்தனை அங்குல உயரம் வரை அறுக்கும்? தடித்த பலகையைப் பிளந்து மெல்லிய பலகைகளாக எடுக்கும் வேலைக்கு அந்த எண் தேவைதான். ஆனால் 12 அங்குலம் என்று போட்டிருக்கும் இரண்டு மெஷின்களில் ஒன்று அந்த உயரக் கட்டையை நேராகப் பிளந்து தரும். இன்னொன்றில் பாதி வழியிலேயே பிளேடு வளையும். பலகை நடுவில் தொப்பை விழுந்து வெளியே வரும். சட்டகம் எவ்வளவு விறைப்பானது, அந்த விறைப்பை நம்பி பிளேடை எவ்வளவு இழுத்துக் கட்டலாம் என்பதுதான் இந்த வேலையைத் தீர்மானிக்கிறது. இந்த ஒப்பீட்டை நான் அந்தக் கோணத்திலிருந்தே செய்கிறேன்.

முதலில், டேபிள் சா (மேசையின் நடுவே வட்ட பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் மெஷின்) இருக்கும்போது பேண்ட்சா எதற்கு என்ற நியாயமான கேள்வி. 10 அங்குல டேபிள் சா ஒரு முறைக்கு ஏறக்குறைய 3 அங்குல ஆழம் அறுக்கும். பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் ஓட்டினால் 6 அங்குலம் வரும். முழு அகல பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் மரத்தைத் தூளாக்கிவிடும். அரை அங்குல அகலமுள்ள பேண்ட்சா பிளேடுக்கு இது 1 மில்லிமீட்டரை ஒட்டித்தான். 50 மில்லிமீட்டர் தடிமன் பலகையிலிருந்து 6 மில்லிமீட்டர் துண்டுகள் எடுப்பதாக வைத்துக்கொண்டால், டேபிள் சாவில் 5 கிடைக்கும், பேண்ட்சாவில் 7. நல்ல மரம் கிடைப்பது அரிதாகிவரும்போது இந்த இரண்டு துண்டுகள் சின்ன விஷயம் அல்ல. மேலும், உயரமான பலகையை டேபிள் சாவில் நிறுத்தி ஓட்டும்போது அது ஆளை நோக்கித் திருப்பி எறியப்படும் ஆபத்து உண்டு. பேண்ட்சாவில் பிளேடு மரத்தைக் கீழே, மேசையை நோக்கித்தான் அழுத்துகிறது. விரல் விஷயத்தில் அதே கவனம் வேண்டும், ஆனால் பலகை பறந்து வராது.

சரி, பிளேடின் இழுப்புக்கு வருவோம். சாதாரண கார்பன் ஸ்டீல் பிளேடுக்குச் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு இழுப்பு வேண்டும் என்பது பரவலான அளவு. பைமெட்டல் (இரண்டு உலோகம் சேர்த்தது), கார்பைடு (மிகக் கடினமான பற்கள் வைத்தது) பிளேடுகளுக்கு 25,000 அல்லது அதற்கும் மேல். அரை அங்குல அகலமும் 0.025 அங்குலத் தடிமனும் உள்ள கார்பன் பிளேடை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடு வளையம் என்பதால் மேலே போகும் பக்கமும் கீழே வரும் பக்கமும் சேர்ந்து சட்டகத்தை இழுக்கும். கணக்குப் போட்டால் மொத்தம் 375 பவுண்டு, அதாவது 170 கிலோ. இப்போது 1 அங்குல அகலம், 0.035 தடிமன் கார்பைடு பிளேடைப் போட்டுப் பாருங்கள்: 1,750 பவுண்டு, கிட்டத்தட்ட 800 கிலோ. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அத்தனை பாரம் இருக்கும்போதும் சட்டகம் வளையாமல் நிற்க வேண்டும். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் கீழே வரும் நான்கு வகைகளின் குணமும் தானாக விளங்கிவிடும்.

மேசை மேல் வைக்கும் 9, 10 அங்குல மெஷின்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். (இந்த அங்குலம் சக்கரத்தின் விட்டம், அறுக்கும் உயரம் அல்ல.) வளைவு வெட்டவும் பொம்மை செய்யவும் அவை அருமையானவை. 3 அங்குல அகலப் பலகையைப் பொறுமையாகப் பிளக்கவும் செய்யலாம். அதற்கு மேல் எதிர்பார்த்தால் மோட்டாரும் திணறும், சட்டகமும் வளைந்துகொடுத்துவிடும். பலகை பிளப்பதுதான் முக்கிய நோக்கம் என்றால் இதை வாங்காதீர்கள்.

அடுத்தது 14 அங்குல வார்ப்பிரும்பு மெஷின். 1930களில் டெல்டா நிறுவனம் கொண்டுவந்த வடிவம் இது. அதற்குப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் இதே அச்சில் செய்துவிட்டன. இதனால் ஒரு பெரிய லாபம்: உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும், ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்துவதும் உண்டு. வார்ப்பிரும்பு அதிர்வை விழுங்கிக்கொள்வதால் ஓட்டமும் அமைதியாக இருக்கும். அறுக்கும் உயரம் 6 அங்குலம். அந்த 6 அங்குலத்துக்குள் அரை அங்குல பிளேடு போட்டு ஓட்டினால் இந்த மெஷினைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சிக்கல் ரைசர் பிளாக்கில்தான் தொடங்குகிறது. தூணின் நடுவே 6 அங்குலக் கட்டி ஒன்றைச் செருகி, அறுக்கும் உயரத்தை 12 ஆக்குவார்கள். பிளேடு நீளம் 93½ அங்குலத்திலிருந்து 105 ஆகும். விவரத்தாளில் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் தூண் நீண்டால் அதே இழுப்புக்கு அது இன்னும் அதிகமாக வளையும். போல்ட் போட்டு இறுக்கும் மூட்டும் ஒன்று கூடிவிடுகிறது. மோட்டாரோ பழைய முக்கால் அல்லது ஒரு குதிரைத்திறன்தான். இழுப்பு தரும் ஸ்பிரிங்கும் முக்கால் அங்குல பிளேடுக்கு முழுதாக அமுங்கி, வளையத்தோடு வளையம் ஒட்டி நின்றுவிடுவது இந்த வகையில் பலரும் கண்ட குறை. வலுவான ஸ்பிரிங் மாற்றலாம். அப்போது அந்தப் பாரம் மேல் சக்கரத்தைத் தாங்கும் பாகத்துக்குப் போகிறது. எப்போதாவது ஒரு 8 அங்குலப் பலகை பிளக்க வேண்டியவருக்கு ரைசர் பிளாக் போதும். வாராவாரம் 10 அங்குலம் பிளக்கப் போகிறவர் இதை நம்பி மெஷின் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது, அதே 14 அங்குலச் சக்கரம், ஆனால் எஃகுத் தகட்டை மடித்து வெல்டு செய்த பெட்டிச் சட்டகம். முதுகெலும்பு முழுவதும் மூடிய பெட்டியாக இருப்பதால் முறுக்கையும் வளைவையும் நன்றாகத் தாங்கும். ரைசர் எதுவும் இல்லாமலே 10 முதல் 13 அங்குலம் வரை உயரம் கிடைக்கிறது. மோட்டார் ஒன்றரை குதிரைத்திறன் அல்லது சற்று மேல். லகூனா, ரிக்கான் போன்ற நிறுவனங்கள் இந்த அளவில் செய்பவை இந்த வகைதான். தரையில் பிடிக்கும் இடம் வார்ப்பிரும்பு மெஷினைவிடப் பெரிதாக அதிகரிக்காது. பெரும்பாலான வீட்டுப் பட்டறைக்கு நான் சொல்வது இதைத்தான்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு, அது சக்கரத்தின் அளவிலிருந்து வருகிறது. 14 அங்குலச் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு சுழற்சியிலும் பிளேடு வளைந்து நிமிர்கிறது. தடித்த பிளேடு அந்தச் சிறிய வளைவைத் தாங்காது. பல் இடுக்குகளில் விரிசல் விட்டுச் சீக்கிரமே அறுந்துவிடும். அதனால் 14 அங்குலச் சக்கரத்தில் 0.025 வரை போதும். 0.035 தடிமன் பிளேடை 18 அங்குலச் சக்கரத்துக்கு விட்டுவிடுங்கள். விவரத்தாளில் ‘1 அங்குல பிளேடு வரை’ என்று இருந்தாலும், 14 அங்குல மெஷினில் அரை அங்குலத்தை முழு இழுப்பில் ஓட்டுவதுதான், அகல பிளேடை அரைகுறை இழுப்பில் ஓட்டுவதைவிட நேரான வெட்டைத் தரும்.

கடைசி வகை 17, 18 அங்குல எஃகு மெஷின். 2 முதல் 3 குதிரைத்திறன், 12 அங்குலமோ அதற்கு மேலோ உயரம், அகல கார்பைடு பிளேடை முழு இழுப்பில் கட்டும் வலு. மரக்கட்டையிலிருந்தே சொந்தமாகப் பலகை எடுப்பவர்கள், மேசைக்கு அகல வெனீர் (மேலே ஒட்டும் மிக மெல்லிய மரத் தகடு) அறுப்பவர்கள் நேராக இங்கேயே வந்துவிடலாம். கட்டையைத் தள்ளினால் தயங்காமல் தின்றுகொண்டே போகும். ஆனால் எடை 180 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். உயரம் ஆறடியைத் தொடும். தாழ்ந்த கூரையும் குறுகிய வாசலும் உள்ள அறைக்குள் இதை இறக்குவதே தனி வேலை. மின்இணைப்பு மோட்டாருக்குத் தாங்குமா என்பதை மெஷின் வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பிளேடுகளும் நீளம், அதனால் ஒவ்வொன்றுக்கும் செலவும் கூடும்.

இவை தவிர மற்றவையெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்தான். பிளேடு விலகாமல் இருபுறமும் பிடித்துக்கொள்ளும் வழிகாட்டிகள் பேரிங்கா, செராமிக்கா என்ற விவாதம் நீண்டுகொண்டே போகும். சரியாக அமைத்தால் இரண்டுமே வேலை செய்யும். மேசை தட்டையாக இருக்க வேண்டும், ஃபென்ஸ் (பலகையைச் சாய்த்து ஓட்டும் பக்கத் தடுப்பு) உயரமாக இருக்க வேண்டும். உயரம் குறைந்த ஃபென்ஸ் என்றால் ஒரு பலகையைத் திருகி உயர்த்திக்கொள்ளலாம்.

பிளேடைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல மெஷினையும் அது கெடுத்துவிடும். மெஷினோடு வரும் பிளேடில் பெரும்பாலும் பற்கள் நெருக்கம். அங்குலத்துக்கு 6 பல் என்றால் 10 அங்குலப் பலகைக்குள் ஒரே நேரத்தில் 60 பற்கள் இருக்கும். ஒவ்வொரு பல்லின் முன்னுள்ள இடுக்கும் தூளால் நிரம்பிவிடும். அதற்கு மேல் அறுக்க வழியில்லாமல் பிளேடு சூடேறிப் பக்கவாட்டில் ஒதுங்கும். 3 பல் பிளேடில் 30 பற்கள்தான், இடுக்கும் பெரிது. எனவே பிளப்பதற்கு அரை அங்குல, 3 பல் பிளேடு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேலைக்கு அதைத் தொடாதீர்கள். வெட்டு ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் ஃபென்ஸைச் சாய்ப்பதற்கு முன் பிளேடு சக்கரத்தின் மேட்டில் நடுவாக ஓடுகிறதா, ஒரு பக்கப் பற்கள் மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஃபென்ஸைத் திருப்பலாம். அப்புறம், பிளந்த பலகையை அன்றே இழைத்து இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டாம். உள்ளே இருந்த ஈரம் வெளிவந்து பலகை வளைவது வழக்கம். குச்சிகளை இடையில் வைத்து அடுக்கிச் சில நாள் விட்டுவிட்டு இழையுங்கள்.

புதியதோ பழையதோ, மெஷின் முன்னால் நிற்கும்போது செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் பயன்படுத்தப்போகும் அகலத்தில் உள்ள பிளேடையே போட்டு முழு இழுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கில் இன்னும் அமுங்க இடம் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். பிறகு மெஷினை நிறுத்தி, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மேல் வழிகாட்டித் தூணை மேசையருகே இறக்கி பிளேடை ஒட்டி அமைக்கச் செய்யுங்கள். அதே தூணை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். வழிகாட்டிகள் பிளேடை விட்டு விலகினாலோ அதை ஒரு பக்கமாகத் தள்ளினாலோ, அந்தத் தூண் நேராக ஏறவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் உயரம் மாற்றும்போதெல்லாம் வழிகாட்டியைத் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும். சிலவற்றில் இதைத் திருத்த திருகு உண்டு. அது இல்லாத மெஷினை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.