ஏடிஆரா, ஏர்பஸ்ஸா?

சிபிஎல் (வணிக விமானி உரிமம்) கையில் வந்ததும் புது விமானிகள் எல்லோர் கண்ணும் ஏர்பஸ் ஏ320 ஜெட் மீதுதான். சம்பளம் கூடுதல், உலகம் முழுக்க வேலைவாய்ப்பு. காக்பிட்டிலும் வசதி: விமானத்தை ஓட்டப் பக்கவாட்டில் சிறிய ஸ்டிக், முன்னால் இழுத்துச் சாப்பிட மடக்கு மேசை.

ஏடிஆர் 72 வேறு ரகம், ப்ரொப்பெல்லரில் ஓடும் சின்ன விமானம். சேலம், யாழ்ப்பாணம் போன்ற ஊர்களுக்குப் போவது பெரும்பாலும் இதுதான். உச்சவரம்பு 25,000 அடி; ஏர்பஸ் 39,000 அடி வரை ஏறி மேகத்துக்கு மேலே போய்விடும் நாட்களில் இது மழைக்கும் குலுக்கலுக்கும் நடுவிலேதான் போகும். என்ஜின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ த்ரஸ்ட் கிடையாது. இறங்கும்போது வேகத்தைப் பார்த்துப் பார்த்துப் பவர் லீவரைக் கையாலேயே சரிசெய்ய வேண்டும். ப்ரொப்பெல்லர் மூக்கை ஒரு பக்கம் இழுக்கும், அதை நேராக்கும் ரட்டர் மிதியில் கால் சும்மா இருக்க முடியாது. குறுந்தூரம் என்பதால் ஒரே நாளில் பல தரையிறக்கம். அலுப்புதான், ஆனால் கை பழகுவது இங்கேதான்.

கல்விக்கடன் கழுத்தை நெரித்தால் ஏர்பஸ்ஸுக்கே போங்கள், அதில் தவறில்லை. கொஞ்சம் மூச்சுவிட முடியுமென்றால், முதல் சில வருடங்களுக்கு ஏடிஆர்தான் என் தேர்வு. ஒன்று மட்டும் கவனம்: பிறகு ஏர்பஸ்ஸுக்கு மாற புதிதாக டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டத் தனி அனுமதி) எடுக்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பதைக் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.